மேல்கொட்டாய்க்கு ஒரு கூப்பிடு

ரோலரை நிறுத்திவிட்டு டிரைவர் முனுசாமி கீழே இறங்கினார். இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் கிடந்த மண்பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், அளவு முடிஞ்சிபோச்சி" என்றார்.

டேப் முடிந்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு கல்லை வைத்திருந்தோம். ரோலரின் முன்சக்கரம் அந்தக் கல்லை முட்டிக்கொண்டு நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஜல்லி கொட்டி, தண்ணீர் விட்டு, அமுக்கி வைத்த புதுச் சாலை. தார் ஊற்றுவதுதான் பாக்கி. அந்தப் பக்கம் ஊமத்தஞ்செடி, மாட்டுச் சாணம், ஒற்றையடிப் பாதை. நல்ல வெயில். நனைந்த ஜல்லியிலிருந்து சூடான மண்வாசனை கிளம்பி மூக்கை அடைத்தது.

சரி, ஊர் எங்கே? பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், மலைச்சரிவில், பளிச்சென்று தெரிந்தது. ஓட்டு வீடுகள், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்கிற துணி. எந்தச் சேலைக்கு எந்தக் கரை என்பது வரைக்கும் தெரிந்தது. சாலை மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஊர்க்காரர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவர் சடையம்மா. ஐம்பதை ஒட்டிய வயது, மரவள்ளி பயிரிடுகிறவர், வாயைத் திறந்தால் சுற்றி இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"எங்க ஊரு அங்க இருக்குது. உங்க ரோடு இங்க நின்னுக்கினு இருக்குது. நடுவுல இருக்கறது யாரு வூட்டு ரோடுங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். சொல்லாமல் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். நடுவில் இருந்தது என்னுடைய தப்பு. வழியில் இருக்கிற ஓடையைத் தாண்டி வேலை வந்த அன்றைக்கே எனக்கு அது புரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி மீட்டர் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிட்டேன்.

தொப்பி இல்லாத ஆய்வாளர்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வாளர் என்றால் தொப்பியும் லத்தியும் இருக்கும் என்று நம்பித்தான் என் மாமியார் பெண் கொடுத்தார். உண்மையில் என் உத்தியோகம் வெயிலில் நின்று ஜல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பது. பொறியாளர் காகிதத்தில் போட்ட கோட்டுக்கும் வேலையாட்கள் மண்ணில் போடுகிற சாலைக்கும் நடுவில் நிற்கிறவன் நான். இரண்டு பக்கத்து ஏச்சும் முதலில் என் காதில்தான் விழும்.

சொந்த ஊர் களமருதூர். நெல் விளைகிற சமவெளி. எங்கள் ஊரில் ஏறுகிற இடம் என்றால் அது ஏரிக்கரை மட்டும்தான். அப்படிப்பட்டவனைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் கண்டக்டர் எழுந்து எல்லோரையும் ஒரு நோட்டம் விட்டார். யார் வாந்தி எடுப்பார் என்று அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியுமாம். நேராக என்னிடம் வந்து, ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பிவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார். என் இரண்டு கையிலும் எலுமிச்சம்பழம் இருந்தது. மூன்றாவது வளைவில் கண்டக்டரின் வாக்கு பலித்தது.

அடுத்தடுத்த வாரங்களில் வயிறு பழகிவிட்டது. காது பழகத்தான் நாளாயிற்று. மலைமேல் சத்தம் என்பதே வேறு மாதிரி. ஒரு மைல் தள்ளி யாரோ விறகு பிளந்தால் பக்கத்து வீட்டில் பிளப்பதுபோல் கேட்கும். அந்த வித்தியாசத்தை நான் ஒரு அதிசயமாக எண்ணி ரசித்தேனே தவிர, அதில் என் உத்தியோகத்துக்கே ஒரு பாடம் இருக்கிறது என்று தோன்றவில்லை.

மலைச் சரக்கு

மேல்கொட்டாய் என்று நான் சொல்வது மாற்றுப் பெயர். உண்மைப் பெயரை எழுதினால் அங்கிருந்து இரண்டு பேர் இந்த வாரமே என்னைத் தேடி வந்துவிடுவார்கள். வந்தால் சும்மா போக மாட்டார்கள், ஒரு மூட்டை கிழங்கை இறக்கிவிட்டுத்தான் போவார்கள்.

அந்த ஊரின் பிழைப்பு மரவள்ளிக் கிழங்கு. அது ஒரு ரோஷக்காரக் கிழங்கு. மண்ணுக்குள் இருக்கிறவரை எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கும். பிடுங்கிவிட்டால் பிறகு பொறுக்காது. இரண்டாம் நாளே உள்ளே கறுப்பு நூல் ஓட ஆரம்பிக்கும். நாலாம் நாள் ஒடித்துப் பார்த்தால் மாவுக்குப் பதில் கறைதான் இருக்கும்.

மேல்கொட்டாயில் ஒருநாள் முழுக்கப் பிடுங்குவார்கள். அடுத்த இரண்டு நாள் தலைச்சுமையாக, பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, கரியாலூர் சாலைக்குக் கொண்டுவந்து குவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் லாரி. கீழே சின்னசேலம் பக்கத்துச் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு அது போய்ச் சேரும்போது கிழங்குக்குப் பாதி உயிர்தான் இருக்கும். மில்லில் கிழங்கைச் சோதித்து மாவுக்கு இத்தனை பாயிண்ட் என்று போட்டு, அதன்படி விலை வைப்பார்கள். இவர்கள் லாரி உள்ளே நுழையும்போதே, "மலைச் சரக்கா? ஓரமா கொட்டு" என்பார்களாம். மலைச் சரக்கு என்றால் மில்லுக்காரர்கள் அகராதியில் கறுத்த சரக்கு என்று பொருள்.

சடையம்மாவுக்கு அந்த வார்த்தை முள். எங்கள் கிழங்கு எதில் குறைச்சல், வழியில்தானே கறுக்கிறது என்று என்னிடமே நாலைந்து முறை சொல்லியிருக்கிறார். உடம்பு முடியாதவரைத் தூளி கட்டித் தூக்கிவருகிற கஷ்டமும் அந்த ஊருக்கு உண்டு. ஆனால் சாலை வேண்டும் என்று அவர் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது இந்த மலைச் சரக்குதான்.

எள் என்றால் எண்ணெய்

இனி என் தப்புக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

ஒருநாள் காலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாலை இல்லாத ஊர்களின் பட்டியல், தூரத்தோடு, சாயங்காலத்துக்குள் வேண்டும். நான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன். சக்கரம் வைத்த அளவுகோலைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். அது மழைக்காலம். கரியாலூர் சாலையில் ஆரம்பித்து ஓடைக்கரை வரை ஒழுங்காக அளந்துவிட்டேன். ஓடையில் இடுப்புக்குமேல் செந்நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, அந்த ஒரு விஷயத்தில் நான் பெரியவர்கள் பேச்சைக் கேட்டேன்.

எதிர்க்கரையில் ஒருவர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். பெயர் அண்ணாமலை. சடையம்மாவின் கணவர். மனைவி பேசி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் பேசுகிற சாது. ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கத்திக் கேட்டேன்.

"தோ, ஒரு கூப்பிடுதாங்க" என்றார்.

கூப்பிடு தூரம் எனக்குத் தெரியாதா? களமருதூரில் ஒரு கூப்பிடு என்றால், வரப்பில் நின்று ஒருவர் கூப்பிட்டால் அடுத்த கழனியில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கிற தூரம். நடுவில் மோட்டார் ஓடும், டிராக்டர் உறுமும், கோயில் மைக் செட் பாடும். அத்தனையையும் மீறி ஒரு குரல் எவ்வளவு தூரம் போய்விடும்? இருநூறு மீட்டர் என்று எழுதினேன். தாராளமாக எழுதிவிட்டோம் என்ற நினைப்பு வேறு.

பிறகு கருவியோடு அளக்க வந்தவர்களும் ஓடை வரைதான் அளந்தார்கள். அப்போதும் மழை. மிச்சத்துக்கு 'ஆய்வாளர் குறிப்பின்படி' என்று எழுதிக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தார்கள். அனுமதி வந்து சேர இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்குள் நானே அந்தக் குறிப்பை மறந்துபோனேன். நடந்துபோய்ச் சரிபார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானை இல்லை. சறுக்கல் மட்டும் யானை அளவுக்கு இருந்தது.

கல்வெட்டு பார்க்க வந்தவர்கள்

வேலை நடந்த மாதங்கள் கலகலப்பானவை. அதைச் சொல்லாமல் போனால் முனுசாமி கோபித்துக்கொள்வார். நைனார்பாளையத்துக்காரர். முப்பது வருஷமாக ரோலர் ஓட்டுகிறவர். ரோலர் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், சொந்த மொபெட்டையும் அதே வேகத்தில்தான் ஓட்டுவார். நான் நடந்துபோய் டீக்கடையில் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் மொபெட்டில் வந்து சேர்வார். கேட்டால், வேகம் போனால் ரோடு கெட்டுப்போகும் என்பார்.

ஓடைக்குக் குறுக்கே சிறுபாலம் கட்டினோம். எங்கள் ஆட்கள் வாயில் அதற்குப் பெயர் கல்வெட்டு. கல்வர்ட் என்ற இங்கிலீஷ் சொல் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. கீழே டீக்கடையில் முனுசாமி, மேலே புதுசா ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் பூதக்கண்ணாடியும், எழுத்தின்மேல் பூச மாவும், துடைக்கத் துணியும் எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்துவிட்டார்கள். எந்த ராஜா காலத்தது என்று கேட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை சிமெண்ட் போட்டது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நல்லவர்கள், சிரித்துவிட்டு எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சடையம்மாவுக்குக் கேட்டது

சிவப்புக் கல்லுக்கே திரும்புகிறேன். சடையம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாததால் அவர் முந்தானையை உதறிக்கொண்டு ஊருக்கு நடந்துவிட்டார். மற்றவர்கள் நின்றார்கள். அரைக் கிணறு தாண்டினவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் எங்கள் உதவிப் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இளம்பெண். நாங்கள் மேடம் என்போம், அவர் என்னை அண்ணே என்பார். கோப்பைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், எதிர்ச்சரிவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒரு கூப்பிடு என்றால் எவ்வளவு என்று மேடம் கேட்டார். நான் இருநூறு மீட்டர் என்றேன்.

அதுவரை ஓரமாக நின்ற அண்ணாமலைக்கு முதல்முறையாக ரோஷம் வந்தது. "நான் சொன்னது எங்க கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கி, எதிர்மலையைப் பார்த்து "ஓ...ய் சடை" என்று இழுத்தார். கத்தவே இல்லை. குரல் பள்ளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டு மூச்சு விடுகிற நேரம் ஆனது. பிறகு எதிர்ச்சரிவிலிருந்து சடையம்மாவின் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, தெளிவாக வந்தது.

"இன்னாத்துக்கு அங்கியே நின்னுக்கினு இருக்க? கஞ்சி ஆறிப்போவுது, வா."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அந்தச் சிவப்புக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், முனுசாமி ரோலர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். வேலை போகும் என்று பயந்துகொண்டிருந்த நானும் சிரித்தேன். அண்ணாமலை பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது குரல் போகிற தூரம். குரல் பள்ளத்துக்கு மேலே நேராகப் போகும். காலும் லாரியும் மலையைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும்.

சிரித்து முடித்ததும் மேடம் அந்த வளைவு முழுக்க நடந்தார். நான் பின்னாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வந்தது. அதில் பெரும்பகுதி காட்டு நிலம். அதற்கு அனுமதி கேட்டு எழுதினால் இன்னும் எத்தனை மழைக்காலம் ஆகுமோ.

வேறு ஒரு வழியை மேடம்தான் கண்டுபிடித்தார். சிறுபாலத்தைத் தாண்டியதும் பழைய பாதையில் போகாமல் இடது பக்கம் திரும்பினால், மலையின் இடுப்போடு ஒட்டிச் சரிவு அதிகமில்லாமல் போகலாம். தூரம் பாதிக்கும் குறைவு. நாங்கள் வீணாகப் போட்ட ஜல்லியை அள்ளி அங்கே போடலாம். மிச்சம் இருக்கிற கொஞ்ச தூரத்தைக் கூட்டிக்கொள்ள அவருக்கே அதிகாரம் உண்டு. ஒரே ஒரு சங்கடம். வழி முழுக்க ஒரே பட்டா நிலத்தின் நடுவில் போகிறது. ஆள் உயரத்துக்கு மரவள்ளி நிற்கிற நிலம்.

யாருடையது என்று கேட்டோம். சடையம்மா பேரில் இருக்கிறது என்றார் அண்ணாமலை. சொல்லிவிட்டு நாலடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

சடையம்மா போட்ட நிபந்தனை

மேடம் தானே கேட்பதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, கேட்க வேண்டியவனும் நான்தான்.

சடையம்மா வீட்டு வாசலில் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஓடை தாண்டாமல் தூரத்தை எழுதியதையும், அதைச் சரிபார்க்காமல் விட்டதையும், தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததையும் வரிசையாகச் சொன்னேன். பிறகு நிலத்தைக் கேட்டேன். பத்து மாதப் பயிர் அது. அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இளங்கிழங்கு மில்லுக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும்.

அவர் முதலில் கணவரைத் திட்டினார். எந்தக் கூப்பிடு என்று சொல்லத் தெரியாதா, கீழ்நாட்டு மனுஷனுக்கு நம்ம கூப்பிடு எப்படிப் புரியும் என்றார். திட்டு அந்தப் பக்கம் போனதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வயல் பக்கம் பார்த்தபடி விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"நெலத்தத் தர்றேன். பயிரோட தரமாட்டேன்" என்றார் கடைசியில். "உங்க மிஷினு வந்து மெறிக்கக் கூடாது. ஒவ்வொரு செடியும் கையால புடுங்கணும். சாரும் வந்து புடுங்கணும்."

மறுநாள் காலையில் ஊரே வயலில் இறங்கியது. என் சாலைப் பணியாளர்கள் இறங்கினார்கள், மேடம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மரவள்ளி பிடுங்குவது எளிது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். தண்டை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி, மண் விடுகிற நேரம் பார்த்து இழுக்க வேண்டும். நான் இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டது. சடையம்மா ஒவ்வொரு முறையும் என் பின்னால் வந்து, நான் விட்டதைத் தோண்டி எடுத்து என் கண்முன்னால் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலே தேவலை.

முனுசாமி மட்டும் நிதானமாக ஒரு நாளைக்கு ஒரு வரிசை பிடுங்கினார். ஒரு கிழங்குகூட ஒடியவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு மூன்று வேளையும் கிழங்குதான். அவித்தது, சுட்டது, மிளகாயும் உப்பும் வைத்து இடித்தது. இளங்கிழங்கின் ருசியே தனி. வாயில் வெண்ணெயாகக் கரையும். என் முதுகு அதற்கப்புறம் ஒரு மாதம் நிமிரவில்லை.

முதல் லாரி

தார் போட்டு முடித்து இரண்டு மாதம் கழித்து அறுவடை வந்தது. சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிச்சமிருந்த சடையம்மாவின் பயிரைத்தான் ஊரில் முதலில் பிடுங்கினார்கள். விடியற்காலையில் ஆரம்பித்தார்கள். லாரி வயலுக்கே வந்து நின்றது. வெயில் ஏறுவதற்குள் பாரம் ஏற்றிவிட்டார்கள். கீழே கள்ளக்குறிச்சியில் எனக்கு வேலை இருந்தது, டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். சடையம்மாவும் ஏறிக்கொண்டார். இத்தனை வருஷம் கிழங்கு அனுப்பியும் அவர் மில்லுக்குப் போனதில்லை. கரியாலூர் சாலையில் கிழங்கைக் குவிப்பதோடு ஊர்க்காரர்கள் வேலை முடிந்துவிடும்.

மில் வாசலில் எங்கள் லாரியைப் பார்த்ததும் எடை போடுகிறவர் தலையைத் தூக்காமலே ஓரமாகக் கையைக் காட்டினார். நான் வாயைத் திறக்கப் போனேன். சடையம்மா என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, தானே இறங்கிப் போய், பாரத்திலிருந்து ஒரு கிழங்கை உருவி அவர் மேஜைமேல் வைத்தார்.

எடை போடுகிறவர் நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தார். அப்புறம் ஒடித்தார். படக் என்று ஒடிந்தது. உள்ளே பால் வெள்ளை. ஒரு கறுப்பு நூல் கிடையாது.

"எந்த ஊரு சரக்குமா இது?"

"மலைச் சரக்குதாங்க" என்றார் சடையம்மா. "காலைல புடுங்கினது."

அவர் நம்பவில்லை. எழுந்துபோய் லாரியின் அடியிலிருந்து ஒன்றை இழுத்து ஒடித்தார். அதுவும் வெள்ளை. பின்பக்கம் போய் இன்னொன்றை ஒடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், என் உத்தியோகத்தில் நான் போட்ட எந்தச் சாலைக்கும் எனக்கு அப்படி ஆனதில்லை. நாலாவது கிழங்குக்கு அவர் கை நீண்டபோது சடையம்மா குறுக்கே போய் நின்றார்.

"போதுங்க. எல்லாத்தையும் ஒடிச்சிப் பாத்துட்டா அப்புறம் இன்னாத்த எடை போடுவீங்க?"